கைப்பேசிச் செயலியும் தமிழ் எழுத்தும்

கைப்பேசிச் செயலியாக்கம் இன்று முதுகலைப் பாடமாகியுள்ளது. 2014இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட், 2019இல் ஆண்ட்ராய்டுக்கெனக் கூகுள் முதன்மை தந்த கோட்லின் ஆகிய நிரல்மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. இவற்றின் தொடரமைப்பைத் தனிப் பயிற்சியாலும் கற்கலாம். முதுகலைக் கல்வி அடிப்படையை ஆராய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

‘தமிழ்’ என்னும் சொல்லில் த, மி, ழ் என 3 எழுத்துகள் உள. கோட்லினில் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என விடை வரும். ஒருங்குறியில் உயிர்மெய்கள் அனைத்துக்கும் தனித்தனிக் குறியீடு இல்லை. அகர உயிர்மெய்க்கு ஒன்று, அதனோடு சேரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ மற்றொன்று. ஆகவே ‘மி’ இரண்டு, ‘ழ்’ இரண்டு. ஸ்விஃப்ட் மொழியோ, கண்ணுக்குப் புலனாகும் எழுத்தை எண்ணி, 3 என்றே கூறும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடன்று. பெயருக்கு 8 குறியீடே இடமென வரையறுத்த செயலியில் ‘ஃபாத்திமா’ என எழுதினால் ‘ஃபாத்திம’ என நிற்கும். ஐந்தெழுத்துப் பெயர்தான், குறியீடுகளோ 9! அவ்வாறே 6 குறியீட்டில் ‘அப்துல்’ புள்ளி இழந்து ‘அப்துல’ ஆகும். தம் பெயர் சிதைவதை எவர் பொறுப்பர்? குறை தமிழினுடையதன்று, ஆங்கில எழுத்தையே எண்ணிப் பழகிய வரையறையினுடையது. எழுத்தெல்லை காணும் கருவிகள் ஜாவாவிலும் உள. அவற்றைப் பயன்படுத்தும் நினைவுதான் வேண்டும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் எம்.சி.ஏ. மாணவர், தமிழ்ப் பெயர்களைப் பிழையின்றி ஏற்று அகரவரிசையில் அடுக்கும் செயலியொன்றைச் செய்யலாம். நன்னூல் எழுத்ததிகாரத்தை விளக்க நம் துறை மாணவர் உடனிருப்பர்.