ஆறு உயரும்போது அறிய வேண்டியவை

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஓர் ஆறோ, ஓடையோ தொட்டுச் செல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. லயத்துப் பிள்ளைகள் நீந்தப் பழகியதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு அமர்வதும் அங்கேதான். திருவிழாவன்று கரகம் பாலிப்பதும் அதன் கரையில்தான். இவ்வாறு நெருங்கிப் பழகிய காரணத்தால் அந்த ஆற்றை நாம் முழுமையாக அறிந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். ஆயினும் நம் தோட்டத்தில் ஓடும் நீர் நம் தோட்டத்தில் பெய்த மழையன்று. பல மைல்களுக்கு அப்பால், நம் கண்ணுக்கு எட்டாத மலைச்சரிவில் பெய்த மழையே இங்கு வந்து சேர்கிறது.

தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடி இம்மாநிலத்தில் அமைந்திருப்பதால், நம் ஆறுகள் பல திசைகளில் பிரிந்து ஓடுகின்றன. லிங்கி ஆறு சிரம்பான் வட்டாரத்து நீரைத் திரட்டிக்கொண்டு, ரெம்பாவ் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மூவார் ஆறு கோலா பிலா வழியாக ஓடி ஜொகூருக்குச் செல்கிறது. ஜெலுபுவின் திரியாங் ஆறும் ஜெம்போல் வட்டாரத்தின் செர்த்திங் ஆறும் பகாங் ஆற்றை நோக்கிச் செல்கின்றன. பகாவ் அருகே ஜெம்போல் ஆற்றுக்கும் செர்த்திங் ஆற்றுக்கும் இடையே உள்ள சிறு நிலப்பகுதியில், முற்காலத்து வணிகர்கள் தங்கள் படகுகளைத் தரைமீது இழுத்துச் சென்றார்கள். 'பெனாரிக்கான்' என்று அவ்விடம் பெயர் பெற்றது அதனால்தான். மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு ஆற்று வழியே செல்ல அந்நாளில் அது குறுக்குவழியாக இருந்தது.

இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. எல்லாத் தோட்டங்களுக்கும் ஆபத்து ஒரே மாதத்தில் வருவதில்லை. லிங்கி, ரெம்பாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில், பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழையே பெரும்பாலும் ஓடைகளைப் பொங்கச் செய்கிறது. ஜெம்போல், ஜெலுபு பக்கத்திலோ வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமான டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாள்கணக்கில் விடாது பெய்யும் மழைக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. முன்னது சில மணி நேரத்தில் வந்து போகும். பின்னது மெல்ல ஏறி நாள்கணக்கில் நிற்கும்.

நீர்ப்பாசன, வடிகால் இலாகா 1932ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டபோது, நெல் வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதும் நிலங்களின் நீரை வடிப்பதுமே அதன் தலையாய பணியாக இருந்தது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரையும் பிற மாநிலங்களையும் பெருவெள்ளம் சூழ்ந்த பின்னரே, 1972இல் வெள்ளத் தடுப்புப் பொறுப்பும் அவ்விலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட பல மாநிலங்களில் வெள்ளம் புகுந்தபோது, நாடு முழுவதிலும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்று நாடெங்கும் முக்கிய ஆறுகளில் தானியங்கிக் கருவிகள் நீர்மட்டத்தையும் மழையளவையும் இடைவிடாது பதிவு செய்து அனுப்புகின்றன. அந்த அளவுகளை இலாகாவின் 'இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம்.

பார்ப்பது எளிது, பொருள் கொள்வதில்தான் பலர் தடுமாறுகின்றனர். ஓர் ஆற்றின் மட்டம் 25 மீட்டர் என்று காட்டினால், அங்கு 25 மீட்டர் ஆழம் இருப்பதாகப் பொருளன்று. பொதுவாக அந்த அளவு கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதாகும். காவிரிக் கரையிலிருந்து வந்த நம் முன்னோர்களுக்கு மேட்டூர் அணையின் 120 அடி தெரிந்திருக்கும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் அடி அளவு அணையில் தேங்கியுள்ள நீரின் உயரத்தைச் சொல்வது. இங்கு கணக்கு வேறு. ஆகவே, இரண்டு நிலையங்களின் எண்களை ஒப்பிட்டு, "அங்கே 40, இங்கே 12தான்; நமக்கு அச்சமில்லை" என்று கூறுவது பெருந்தவறு.

ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு படிகள் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. 'நோர்மல்' என்பது இயல்பு நிலை. 'வாஸ்பாடா' என்றால் நீர் இயல்பைக் கடந்து ஏறிவிட்டது, விழிப்பாயிருங்கள் என்று பொருள். 'அமாரான்' என்னும் எச்சரிக்கை வந்துவிட்டால், தாழ்வான லயங்களில் வாழ்வோர் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, மருந்து ஆகியவற்றை எடுத்து வைத்துப் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 'பஹாயா' என்பது அபாயம்; நீர் கரையை மீறும் நிலை. வெறும் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதையே நாம் முதலில் நோக்க வேண்டும் என்பது எமது கருத்து.

மட்டம் சற்று ஏறினாலே நீரின் அளவு மிகுதியாகிவிடும். நான்கு மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள ஓடை, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் இரண்டு கன மீட்டர், அதாவது இரண்டு டன் நீர் நம்மைக் கடந்து செல்கிறது. மழை பெய்து ஆழம் ஒரு மீட்டராகி வேகமும் இரு மடங்கானால், நொடிக்கு எட்டு டன் வரும். அதனினும் கொடியது, வேகம் இரு மடங்கானால் நம் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காவதுதான். முழங்காலுக்குக் கீழே, அரை அடி ஆழத்தில் விரைந்தோடும் நீரே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடக்கூடும். ஓரடி நீர் சிறிய காரை மிதக்கச் செய்துவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் பால்வெட்டுத் தொழிலாளியின் சங்கடம் இருக்கிறது. விடியற்காலையில் ஓடையைக் கடந்து தன் நிறைக்குச் சென்று, மரங்களை வெட்டி முடித்திருப்பார். வானம் இருண்டு மழை கொட்டினால் கோப்பையிலுள்ள பால் கரைந்து வீணாகிவிடும்; அன்றைய உழைப்பும் போய்விடும். பாலைச் சேகரித்துக்கொண்டு திரும்பும்போது, காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை இடுப்பளவு ஓடிக்கொண்டிருக்கும். மறுகரையில் ஸ்டோரும் நிறுவையும் காத்திருக்கும். அந்த வாளிப் பாலுக்காக ஓடையில் இறங்கத் துணிபவர்கள் உண்டு. தயவு செய்து இறங்காதீர்கள். மேட்டில் காத்திருந்தால் சிற்றோடையின் நீர் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மண்டோர்களும் கிராணிமார்களும் இத்தகைய நாளில் தாமதமாக வருபவரைக் கடிந்துகொள்ளாதிருப்பது, ஆயிரம் எச்சரிக்கைப் பலகைகளைவிடப் பயன் தரும். மழைக்காலம் தொடங்குமுன்னரே, ஓடைக்கு அப்பாலுள்ள நிறைகளுக்குச் சுற்றுவழி எது என்பதைப் பிரட்டுக் களத்தில் பேசி முடிவு செய்துகொள்வதும் நலம்.

கருவியில்லாத சிற்றோடைக்கு நாமே அளவுகோல் அமைக்கலாம். பாலத்தின் தூணில் அரை அடிக்கு ஒரு கோடு வீதம் சாயத்தால் வரைந்தால் போதும். எந்தக் கோட்டை நீர் தொட்டால் கடக்கக்கூடாது என்பதைத் தோட்டத்து முதியவர்களைக் கேட்டே குறிக்கலாம். முந்தைய வெள்ளங்களின் உயரம் அவர்கள் நினைவில் இருக்கும்.

மலையடிவார அருவிகளில் ஆபத்து வேறு வகையானது. மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்று அழைக்கப்படும் திடீர் நீர்ப்பெருக்கு, முன்னறிவிப்பின்றி ஒரே வீச்சில் வந்து சேரும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடா மாநிலத்தின் யான் வட்டாரத்தில், ஜெராய் மலையிலிருந்து இறங்கிய அத்தகைய பெருக்கு ஆறு உயிர்களைக் கொண்டு சென்றது. நம் இளைஞர்கள் விடுமுறையில் விரும்பிச் செல்லும் உலு பெண்டுலும் ஜெராம் தோயும் மலை நீரால் ஆனவையே. குளிக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் அங்சி மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருதல், மேற்பகுதியில் இரைச்சல் கேட்டல் ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் பொருள்களை விட்டுவிட்டுக் கரைமேட்டில் ஏறிவிட வேண்டும். ஆற்றின் நடுப்பாறை பாதுகாப்பானதன்று. ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடுவதும் பயன் தராது. நீர் நம்மைவிட விரைந்து வரும்.

லிங்கி ஆற்றின் கழிமுகப் பகுதியில் படகேறி மீன்பிடிப்பவர்கள் கடலின் ஏற்றவற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். உயிர்காப்பு மேலங்கி படகின் அடியில் கிடந்து பயனில்லை. உடலில் இருக்க வேண்டும். அப்பகுதியில் முதலைகளும் உள்ளன என்பதால், மாலை இருட்டில் கரையோரத்தில் இறங்கி நிற்பது கூடாது.

ஒருவர் நீரில் சிக்கிக்கொண்டால் உடனே குதிப்பது நம்மவர் இயல்பு. ஒருவரைக் காக்கப் போய் இருவர் மாண்ட செய்திகளுக்குக் குறைவில்லை. கரையில் படுத்துக்கொண்டு நீண்ட கம்பை நீட்டுங்கள், கயிறு எறியுங்கள், மூடி இறுக்கப்பட்ட காலியான பிளாஸ்டிக் பால் தோம்பு சிறந்த மிதவையாகும். அதேவேளை மற்றொருவர் 999 எண்ணுக்கு அழைத்து, தோட்டத்தின் பெயரையும் அருகிலுள்ள சாலையையும் தெளிவாகக் கூற வேண்டும். நீரில் அடித்துச் செல்லப்படுபவர் ஓட்டத்தை எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து, கால்கள் முன்னே செல்லுமாறு மிதந்து, சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்க முயல வேண்டும்.

திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் கரகம் பாலிக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நாள் மாலையிலும் அன்று விடியற்காலையிலும் நீர்மட்டத்தைப் பாருங்கள். சடங்கு நடைபெறும் இடத்துக்குச் சற்று மேலே, நீரைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை ஊதலுடன் நிறுத்துங்கள். நீர் கலங்கியிருப்பின் குடத்தில் நீரை மொண்டு வந்து, கரைமேட்டிலேயே கரகத்தைப் பாலித்துக்கொள்ளலாம்.