நிரல் எழுதும் குழுவுக்கு எந்த அரட்டை அறை?

கடலூர், சிதம்பரம் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) ஒன்றை எழுதத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து விழுப்புரத்தில் 2013 முதல் ஒரு லினக்ஸ் குழு இயங்குகிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் இணையத்தில் கூடுகிறது. ஆகவே உங்களாலும் முடியும். யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு நேரம். அப்படியானால் எங்கே பேசிக்கொள்வது?

வாட்சப் குழு போதாதா?

நினைவூட்டலுக்குப் போதும். "ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம்" என்று சொல்ல அதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் வேலையை அங்கே நடத்தாதீர்கள். சேர்ந்தவுடன் உங்கள் கைபேசி எண் முன்பின் தெரியாதவர்களுக்கும் போய்விடுகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி இதற்காகவே சேரத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, இன்று சேர்பவருக்கு ஆறு மாதத்துக்கு முன் நடந்த பேச்சு கிடைக்காது. கல்லூரி ஊரில் இது பெரிய இழப்பு. இறுதியாண்டு மாணவர்கள் போகும்போது அவர்கள் கண்டுபிடித்த விடைகளும் கூடவே போய்விடும்; அடுத்த ஆண்டு வருபவர்கள் அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள்.

டெலிகிராம் சரிவருமா?

வாட்சப்பைவிடத் தேவலை. எண்ணை மறைக்கலாம், பழைய பேச்சைப் புதியவருக்குக் காட்டலாம். ஆனால் கணக்குத் தொடங்க எண் கட்டாயம். வழங்கியின் (செய்திகளைச் சேமித்து அனுப்பும் கணினி) நிரல் மூடியே இருக்கிறது, சாவி ஒரே நிறுவனத்திடம்.

சாவி யாரிடம் இருந்தால் நமக்கென்ன?

நிறைய இருக்கிறது. தமிழ் லினக்ஸ் ஆர்வலர்கள் ஒரு காலத்தில் யாகூ குழுமத்தில்தான் கூடினார்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற இலக்கியக் குழுக்களும் அங்கேதான் இருந்தன. 2019இல் பழைய பதிவுகளை நீக்கப்போவதாக யாகூ அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடிவிட்டது. ஸ்லாக் என்ற அரட்டைச் சேவை 2022இல் தன் இலவசத் திட்டத்தை மாற்றி, கடைசி 90 நாள் செய்திகளை மட்டும் காட்டத் தொடங்கியது. காசில்லாமல் ஓடும் குழுவுக்குத்தான் இந்த அடி முதலில் விழும்.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது?

என் பரிந்துரை மேட்ரிக்ஸ் (பல வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் திறந்த அரட்டை முறை). ஜிமெயில் வைத்திருப்பவர் யாகூ முகவரிக்கு மடல் அனுப்புவது போல, யாரிடம் கணக்கு வைத்திருந்தாலும் ஒரே அறையில் பேசலாம். கைபேசி எண் கேட்காத வழங்கிகள் உண்டு. மொசில்லா 2020 மார்ச்சில் தன் பழைய ஐஆர்சி அரட்டையை மூடிவிட்டு இதற்குத்தான் மாறியது.

இந்தியாவில் அதைத் தடை செய்தார்களே?

தடை செய்தது செயலியை. 2023 மே மாதம் அரசு முடக்கிய 14 செயலிகளில் மேட்ரிக்ஸுக்கான எலிமென்ட்டும் ஒன்று. அதே கணக்கோடு ஃப்ளஃபிசாட் போன்ற வேறு செயலி வழியாக உள்ளே போக முடிந்தது. முறை திறந்ததாக இருந்தால் ஒரு கதவு அடைபட்டாலும் இன்னொன்று இருக்கும்.

அறை திறக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொது அறைக்கு மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) போடாதீர்கள். போட்டால் புதியவர் பழைய செய்திகளைப் படிக்க முடியாது. ஒருமுறை போட்டதை நீக்கவும் முடியாது. எல்லோரும் வரும் அறையில் ரகசியம் எதற்கு?

ஐஆர்சியே எளிமையானது அல்லவா?

எளிமையானதுதான். 1988இல் பிறந்து இன்னும் ஓடுகிறது. ஆனால் இணைப்பு அறுந்த நேரத்தில் பேசியதை அது தானாக எடுத்துவைத்துத் தராது. நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எத்தனையோ ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று அது தொடர்கிறது. மின்சாரம் வந்த பிறகு கைபேசியைத் திறப்பவர், தான் இல்லாதபோது நடந்த எல்லாவற்றையும் படிக்க முடிய வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் இதைச் சோதியுங்கள்.

எல்லாவற்றையும் அரட்டையிலேயே பேசலாமா?

வேண்டாம், அரட்டை ஓடிக்கொண்டே இருக்கும். பிழைகளையும் முடிவுகளையும் நிரல் இருக்கும் இடத்திலேயே, கிட்லேப், கோட்பெர்க் போன்றவற்றில், இஷ்யூவாக (தனி எண் கொண்ட குறிப்பு) எழுதுங்கள். சிதம்பரத்தில் டீக்கடையில் மூன்று பேர் பேசி முடிவெடுத்தால், கடலூரில் இருக்கும் நான்காமவருக்கு அது முடிவே அல்ல. எழுதி வைத்து, அவர் மறுப்புச் சொல்ல இரண்டு மூன்று நாள் விட்ட பிறகே செயல்படுத்துங்கள். அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களிலும் நேரில் பேசியது எழுத்துக்கு வந்தால்தான் செல்லும்.

தமிழில் கேட்டவருக்குத் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவர் அந்த முதல் பதிலை வைத்துத்தான் தங்குவதா போவதா என்று முடிவு செய்வார்.

வாட்சப்பில் ஏற்கெனவே முப்பது பேர் இருந்தால் யாரையும் விரட்ட வேண்டாம். இன்றைக்கு ஒரு மேட்ரிக்ஸ் அறையைத் திறந்து, இருவரை நிர்வாகிகளாக்கி, அதன் இணைப்பை வாட்சப் குழுவின் விவரப் பகுதியில் ஒட்டுங்கள். அடுத்த கேள்வி வாட்சப்பில் வந்தால், பதிலை அறையில் எழுதி அதன் இணைப்பை மட்டும் அங்கே கொடுங்கள்.