படகு மோட்டாருக்கு மழைக்கால ஓய்வு

ஜூன் பிறந்தால் மும்பைக் கடலோரத்தில் படகுகள் கரையேறிவிடும். மழையும் காற்றும் வலுக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகள் மீன் பிடிக்க அரசின் தடையும் உண்டு. ஆவணி அவிட்டத்தையொட்டி வரும் நாரளி பூர்ணிமா அன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்குவார்கள். அதோடு புதுப் பருவம் தொடங்கிவிடும்.

படகுக்கு அது ஓய்வுக் காலம். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கோ அதுதான் சோதனைக் காலம். ஓடுகிற மோட்டாரை விடச் சும்மா கிடக்கிற மோட்டார்தான் சீக்கிரம் கெடுகிறது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் என்றால் கேட்கவே வேண்டாம்.

பருவம் தொடங்கும் நாளில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும். மோட்டார் உயிர் பெறாது. மற்றப் படகுகள் போய்விடும். பங்குக்கு வேலை செய்யும் ஆட்களுக்கு அன்றைய வரும்படியும் போய்விடும். கரையேற்றும் நாளில் சில மணி நேரம் ஒதுக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

முதல் எதிரி உப்பு

மோட்டாரைக் குளிர வைப்பது கடல் நீர்தான். அந்த நீர் போகும் வழியெல்லாம் உப்பு படிகிறது. எனவே பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் கீழ்ப் பகுதியை அதில் இறக்கிச் சுமார் பத்து நிமிடம் ஓட விட வேண்டும். மோட்டார் சூடேறினால்தான் தெர்மோஸ்டாட் திறந்து, நல்ல தண்ணீர் எல்லா இடமும் பாயும். தண்ணீர் இல்லாமல் ஓட விட்டால் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

பழைய பெட்ரோல் ஆகாது

ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்து ஸ்கூட்டரை உதைப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் சிறு துளைகளை அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும்.

ஆகவே மோட்டார் டிரம்மில் ஓடிக் கொண்டிருக்கும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட வேண்டும். மிச்சப் பெட்ரோல் தீரும் தறுவாயில் காற்று போகும் வாயில் சிறிது எண்ணெய் தெளித்தால், உள்ளே எண்ணெய்ப் படலம் படியும். புகை கிளம்பும், பயப்பட வேண்டாம். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். பெட்ரோலை வடிக்கும் இடத்தில் பீடி, அடுப்பு கூடாது.

மோட்டார் ஆறியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி டூ-டி ஆயில் விட்டு, கயிற்றை நாலைந்து முறை மெதுவாக இழுத்தால் துரு அண்டாது.

கியர் ஆயில் சொல்லும் சேதி

கீழே உள்ள திருகையும் மேலே உள்ள திருகையும் கழற்றினால் கியர் ஆயில் வடியும். அதைப் பார்க்காமல் கொட்டிவிடக் கூடாது. பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது; சீல் போய்விட்டது என்று பொருள். இரும்புத் துணுக்குகள் வந்தால் பல்சக்கரம் தேய்கிறது. இரண்டையும் இந்த மழை மாதங்களிலேயே சரி செய்துகொள்ளலாம். பனி நாடுகளில் இந்தத் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து சுமார் 9 சதவீதம் விரிந்து, கியர் பெட்டியையே பிளந்துவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை. ஆனால் துரு விடாது.

புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்ற வேண்டும். மேல் துளையில் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல் திருகையும், பிறகு கீழ்த் திருகையும் மூட வேண்டும். வாஷர்கள் புதிதாக இருக்கட்டும்.

புரொப்பெல்லரையும் கழற்றிப் பார்ப்பது அவசியம். தண்டில் சுற்றிய வலை நூல்தான் பல நேரம் சீலை அறுக்கிறது. நூலை எடுத்து, தண்டில் கிரீஸ் தடவினால் போதும்.

கடைசியாக, மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் மிச்சத் தண்ணீர் வடியும். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துருப் பிடிக்கும். காற்றாடும் துணி போதும்.

என்னென்ன செய்தோம், எது பாக்கி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மோட்டாரிலேயே கட்டிவிடுவது நல்லது. ஆகஸ்டில் படகை இறக்கும் அவசரத்தில் அந்தச் சீட்டு உதவும்.