பூ வடிவில் இரத்த அணுக்கள்: அரிய டி-செல் புற்றுநோயை ஆய்வுக்கூடம் கண்டறிவது எப்படி?

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. அதில் பல வகைகள் உண்டு. அவற்றுள் அரிதானதும் பெரும்பாலும் வேகமாக முற்றக்கூடியதுமான ஒன்று, பெரியவர்களைத் தாக்கும் டி-செல் இரத்தப் புற்றுநோய். மருத்துவர்கள் இதனை 'ஏ.டி.எல்.' என்று அழைக்கின்றனர்.

1977ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோத்தோவைச் சேர்ந்த மருத்துவர்கள் உச்சியாமா, டக்காட்சுக்கி குழுவினர் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினர். நோயாளிகளில் பலர் தென்மேற்கு ஜப்பானில், குறிப்பாகக் கியூஷு தீவில் பிறந்தவர்கள். காரணம் என்ன? 1980இல் அமெரிக்காவின் ராபர்ட் கேலோ குழுவினர் எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸ் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தனர். ஜப்பானில் இந்நோய்க்குக் காரணமானதும் அதே கிருமிதான் என்பது பின்னர் உறுதியானது.

ஆய்வுக்கூடத்தில் முதல் துப்பு நுண்ணோக்கியில் கிடைக்கிறது. கண்ணாடித் தகட்டில் தடவிய ஒரு துளி இரத்தத்தில், சில வெள்ளை அணுக்களின் உட்கரு பூவிதழ்களைப் போல் பிளவுபட்டிருக்கும். இவற்றுக்குப் 'பூ அணுக்கள்' என்றே பெயர். இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்து, ஃபுளோ சைட்டோமெட்ரி என்ற முறை அணுக்களின் மேற்பரப்பு அடையாளங்களைக் கணக்கெடுக்கும். சி.டி.4, சி.டி.25 ஆகியவை இருந்து, சி.டி.7 குறைந்தோ மறைந்தோ காணப்படுவது இந்நோயின் வழக்கமான சாயல். தோலில் தொடங்கும் வேறு சில டி-செல் புற்றுநோய்களும் ஏறக்குறைய இதே தோற்றம் காட்டும் என்பதால், கிருமிக்கான இரத்தப் பரிசோதனையும் கட்டாயமாகிறது.

ஆனால் கிருமி இருப்பதாலேயே புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. கிருமியைச் சுமப்பவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கே, அதுவும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே, இந்நோய் வருகிறது. எனவே மரபணுச் சோதனையும் செய்யப்படுகிறது. வெறுமனே கிருமியைச் சுமப்பவரின் அணுக்களில் அதன் மரபுப்பொருள் வெவ்வேறு இடங்களில் ஒட்டியிருக்கும். புற்றுநோய் அணுக்களிலோ ஒரே இடத்தில் இருக்கும். அவை அனைத்தும் ஒரே அணுவிலிருந்து பெருகியவை என்பதற்கு அதுவே சான்று.

இவ்வளவு சோதனைகள் எதற்கு? 1991இல் வகுக்கப்பட்ட முறைப்படி இந்நோயில் நான்கு வகைகள் உள்ளன. மெதுவாக வளரும் வகையைக் கண்காணித்தாலே சில காலம் போதுமானது. தீவிர வகைக்கோ உடனடிச் சிகிச்சை வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட்டால் விலை நோயாளியின் உயிர்.

கிருமி தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் பரவுகிறது. அதனால் ஜப்பானில் 2011 முதல் கர்ப்பிணிகளுக்கு நாடு முழுவதும் பரிசோதனை நடக்கிறது. கரீபியன் தீவுகள், தென் அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் இக்கிருமி உண்டு.

ஆறாத தோல் தடிப்பு, வீங்கிய நிணநீர்க் கட்டிகள், தீராத தாகம் ஆகியவற்றோடு வருபவரிடம் "எங்கே பிறந்தீர்கள்? உங்கள் தாயார் எந்த ஊர்?" என்று மருத்துவர் கேட்டால் வியக்க வேண்டாம். எந்தச் சோதனையைச் செய்வது என்பதை அந்தப் பதிலே காட்டிக்கொடுக்கலாம்.