உஷார்! பூனையின் வாந்தியை மாத்திரையால் அடக்காதீர்கள்

மும்பையில் தேவ்நார், கோவண்டி, செம்பூர் பக்கம் பூனை வளர்ப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பூனை அடிக்கடி வாந்தி எடுக்கிறதா? மலம் இளகியே போகிறதா? "பூனைன்னா வாந்தி எடுக்கத்தானே செய்யும்" என்று தரையைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். 3 வாரம் தாண்டினால் அது நாள்பட்ட நோய். காரணம் தேடியே ஆக வேண்டும்.

முதல் ஆபத்து, வீட்டு மருந்துப் பெட்டி. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது.

அடுத்தது பச்சைக் கறி. 1971 முதல் மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டி இயங்கும் ஊர் தேவ்நார். கழிவுக் கறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சையாகப் போட்டால் சால்மொனெல்லா கிருமியும் ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். வேகவைத்தே போடுங்கள். பாலும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, பேதியாகும்.

காரணத்தைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு:

1. மலப் பரிசோதனை. ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது. அதனால் வெவ்வேறு நாளில் 3 முறை மாதிரி கொடுங்கள்.

2. ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம், ஈரல், சர்க்கரை பார்க்க வேண்டும். வயதான பூனைக்குத் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு மேல் சந்தேகம் வர வேண்டும்.

3. உணவுச் சோதனை. அதுவரை தின்றிராத ஒரே வகை இறைச்சி உணவு மட்டும். பக்கத்து வீட்டு மீன்தலைகூடக் கூடாது. உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் 2 வாரத்தில் வயிறு தேறிவிடும்.

4. ஸ்கேன், தேவைப்பட்டால் குடல் சதைப் பரிசோதனை. நாள்பட்ட குடல் அழற்சியும் மெல்ல வளரும் லிம்போமா புற்றுநோயும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தெரியும். சதையை எடுத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய வழி உண்டு. அதற்கு முன்பே ஸ்டீராய்டு ஏற்றினால் தடயம் மங்கிவிடும். இத்தகைய லிம்போமாவுக்கு மாத்திரை சிகிச்சை இருக்கிறது. பல பூனைகள் அதோடு வருடக்கணக்கில் வாழ்கின்றன. அதனால் பெயரைக் கேட்டதுமே கைவிட்டுவிடாதீர்கள்.

இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது: 2 நாளாகத் தின்னாத பூனை (ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்), மலத்தில் ரத்தம், வாயிலோ ஆசனவாயிலோ தொங்கும் நூல் (இழுக்காதீர்கள், குடல் கிழியும்). ஆண் பூனை மலத்துக்கு முக்குவதுபோல் உட்கார்ந்தால் சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அன்றைக்கே ஓடுங்கள். பரேலில் விலங்கு மருத்துவமனையும், 1886-இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

பூனை தன் வலியை மறைக்கும் பிராணி. அதற்காகப் பேச நீங்கள்தான் இருக்கிறீர்கள். அடுத்த முறை வாந்தியைத் துடைக்குமுன் ஒரு போட்டோ எடுத்து, தேதியையும் தின்றதையும் குறித்துவையுங்கள். டாக்டரின் முதல் துப்பு அதுதான்.