வேலியும் வளவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மட்டுமே நீர் காண்பது. ஐப்பசி தொடங்கிப் பொழியும் பருவமழையைச் சுண்ணக்கற்பாறை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நன்னீர், நிலத்தடியில் உள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. ஆகவே, இங்கு வீட்டைச் சூழ்ந்த நிலத்தைப் பேணுவது அழகுக்கு மட்டும் உரிய காரியமன்று.

அந்நிலத்தை வளவு என்பர். அதனைப் பரப்புக் கணக்கில் அளப்பர். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். வளவைச் சுற்றிப் பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலிய கதியால்கள் நெருங்கி நிற்கும். மழை ஓய்ந்த கோடையிலே, பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையும் சேர்ந்து வர, வேலியடைப்புத் தொடங்கும்.

பனையிலிருந்து வெட்டி இறக்கிய ஓலைகளைப் பரப்பி மிதித்துப் படியவைப்பது சிறுவர் வேலை. விளையாட்டுப் போலத் தோன்றினும், ஓலை மடிந்தால் வேலியில் இடைவெளி விழும். பின்னர்க் கதியால்களில் வரிச்சுகளைக் கிடையாகக் கட்டி, ஓலையைச் சார்த்தி, குத்தூசியாற் கட்டுவர். குத்தூசி என்பது துளையுள்ள நீண்ட ஊசி. தந்தை வெளிப்புறம் நின்று கயிறு கோத்த ஊசியைச் செலுத்துவார்; உள்ளே நிற்கும் மகன் கயிற்றை வரிச்சைச் சுற்றித் திரும்பவும் கோத்துவிடுவான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரலும் கயிற்றின் இழுவையுமே வழிகாட்டி. தளர்ந்த முடிச்சைச் சோளகக் காற்று விட்டுவைப்பதில்லை!

கழித்த பழைய ஓலை வீண்போவதில்லை. தோட்டத்து மண்ணிற் புதைந்து பசளையாகும். தறித்த குழை ஆட்டுக்கு. கிணற்றடியில் குளித்த நீர் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் செல்லும். எந்த மரத்துக்கு எவ்வளவு நீர் என்பதைப் பெண் பிள்ளைகள் தாயிடமிருந்தும் ஆச்சியிடமிருந்தும் அறிவர்.

எல்லை அறிவும் இந்நாட்களில்தான் கிட்டுவது. உறுதியில் நான்கு எல்லைகளும், கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும்; ஆனால் எந்தக் கதியால் யாருடையது என்பதை எழுத்திலிருந்து மட்டும் அறிய இயலாது. கதியால் ஒருசாண் அயலுக்குள் நகர்ந்துவிட்டதென்று தொடங்கி நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளுக்கு யாழ்ப்பாணத்திற் குறைவில்லை. உறவினரே பேச்சுவார்த்தையற்றுப் போனதும் உண்டு.

1990ஆம் ஆண்டில் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரும் நிலங்கள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்க்குப் பல இடங்களில் வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை; பற்றை மூடிய நிலமே இருந்தது. கிணற்றையும் எஞ்சிய மரத்தையும் கொண்டு எல்லையை ஊகிக்க வேண்டியதாயிற்று. அங்கே வேலியடைத்த முதியவரின் நினைவு, உறுதிக்கு அடுத்த ஆவணமாக உதவியது.

இன்று ஓலைவேலியின் இடத்தைச் சீமெந்து மதிலும் தகரமும் பிடித்து வருகின்றன. ஆண்டுதோறும் அடைக்க ஆளும் ஓலையும் கிடையாதபோது மதில் எழுப்புவோரைக் குறைகூறுவதற்கில்லை. முற்றத்துக்கும் சீமெந்து பூசுவதுதான் கேடு. அவ்வாறு செய்தால் மழைநீர் மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடும். மதில் கட்டியும் முற்றத்தை மணலாகவே விட்ட வீடுகளில், தாழ்வாரத்து நீரை மண்வெட்டியால் வாழையடிக்குத் திருப்பிவிடும் வேலை இன்னும் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கிறது.