பரணில் கிடக்கும் வானொலி வரலாறு

2017 ஏப்ரல் 30 அன்று பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941 மே மாதம் தொடங்கிய சேவை அது. மணிலாவிலிருந்து தமிழில் ஒலித்த வேரித்தாஸ் வானொலியும் 2018-இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இந்த நிலையங்களின் கதையை எழுத அவர்களிடமே ஆவணங்கள் இருக்கும். தருமபுரி மாவட்டத்தின் அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் உட்கார்ந்து முள்ளைத் திருப்பித் திருப்பிக் கேட்ட நேயர்களின் கதைக்கு என்ன ஆவணம் இருக்கிறது? அது வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. பல வீடுகளில் எடைக்கும் போய்விட்டது.

தருமபுரி போன்ற மலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் சிற்றலைக்குத் தனி இடம் இருந்ததற்கு இயற்பியலே காரணம். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. வத்தல்மலையோ சித்தேரி மலையோ குறுக்கே நின்றால் தடுமாறிப்போகும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை மேலே ஏறி, அயனி மண்டலத்தில் வளைந்து, மீண்டும் தரைக்கு இறங்கும். சுமார் 150 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் எஃப் அடுக்குதான் இந்த வேலையைச் செய்கிறது. ஒரே தாவலில் அலை 4,000 கிலோமீட்டர் வரை போய்விடும். தரையில் பட்டு மறுபடி எழும்பினால் கண்டம் தாண்டும். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு உருவாகி, குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது மறையும். இரவில் தூரத்து நிலையங்கள் தெளிவாகக் கிடைத்தது இதனால்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் அந்தி சாய்ந்தபின் எஃப் அடுக்கு கலங்குவதும் உண்டு. அப்போது குரல் படபடவென்று துடிக்கும்.

கேட்பதோடு நிற்காமல், கேட்டதைப் பதிவு செய்ததுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். தேதி, உலக நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம் ஆகியவற்றுடன் ஒலியின் தரத்தையும் எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தரத்தைக் குறிக்க 'சின்போ' என்ற முறை இருக்கிறது. சமிக்ஞையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவலின் ஏற்ற இறக்கம், ஒட்டுமொத்தத் தரம் என ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 55555 என்றால் எந்தக் குறையும் இல்லை. நிலையத்தார் தங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் உறுதிசெய்து ஓர் அட்டை அனுப்புவார்கள். கியூ.எஸ்.எல். அட்டை என்பது அதன் பெயர். தமிழ் நேயர்களுக்கு அது 'வண்ண அட்டை'.

அந்த அட்டையையும் அது வந்த உறையையும் வரலாற்று மாணவர் ஒருவர் கல்வெட்டைப் படிப்பதுபோல் படிக்கலாம். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965-இல். எனவே, தருமபுரி நேயருக்கு 'சேலம் மாவட்டம்' என்ற முகவரியோடு வந்த உறை பெரும்பாலும் அதற்கு முந்தையது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதுவரை ஓசூர் நேயரும் தருமபுரி மாவட்டத்துக்காரர்தான். பின்கோடு 1972 ஆகஸ்டு 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நிலையத்தின் பெயரும் காலம் சொல்லும். 'ரேடியோ சிலோன்' 1967-இல் கூட்டுத்தாபனமாகி, 1972-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது. 1963-இல் பீகிங் வானொலியாகத் தமிழில் பேசத் தொடங்கிய நிலையம், 1993-இல் சீன வானொலி நிலையமாக மறுபெயர் கொண்டது.

அறிவியலுக்கும் இதில் பயன் உண்டு. அயனி மண்டலம் சூரியனின் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியோடு ஏறி இறங்கும். சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் உயர் அதிர்வெண்களில் தொலைதூர நிலையங்கள் நன்றாகக் கிடைக்கும். கொடைக்கானல் வான் ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படம் எடுத்துவருகிறது. அந்தப் பழைய கண்ணாடித் தகடுகள் இன்று கணினிக்கு ஏற்றப்பட்டுள்ளன. ஒரே நேயர் இருபது ஆண்டுகள் எழுதிய கேட்புக் குறிப்பேடு கிடைத்தால் அந்தப் படங்களோடு பொருத்திப் பார்க்க முடியும். கருவியின் துல்லியம் அதில் இருக்காது. ஆனால், ஒரே இடம், ஒரே வானொலிப் பெட்டி, ஒரே காது என்ற தொடர்ச்சி இருக்கும்.

அமெரிக்காவில் 1986-இல் இத்தகைய அட்டைகளைப் பாதுகாக்கவென்றே ஒரு குழு அமைந்து, மறைந்த நேயர்களின் அட்டைத் தொகுப்புகளைத் திரட்டியது. அவை மேரிலாந்து பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. வியன்னாவில் வானொலி அட்டைகளுக்கென்று ஓர் ஆவணக் காப்பகமே இயங்குகிறது. தமிழ்நாட்டில் சென்னையின் ஆர்டிக் டி.எக்ஸ். கிளப், 'சர்வதேச வானொலி' என்ற இதழ் வழியே இந்தப் பொழுதுபோக்கைத் தமிழில் பதிவு செய்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்ததால்தான் அவர் பெயரில் 1994-இல் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. காகிதத்தைக் குப்பை என்று நினைக்காத ஒரு தனிமனிதரின் பிடிவாதம் அது.

வீட்டில் இப்படிப்பட்ட பெட்டி இருப்பவர்கள் செய்ய வேண்டியவை எளியவை. அட்டைகளை லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பிசினும் காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றையும் ஸ்கேன் செய்யுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த வானொலிப் பெட்டியில் கேட்டது என்று தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இருந்தால், அவற்றுக்குத்தான் அவசரம் அதிகம். காந்தப் பூச்சு உதிர்வதற்கு முன், அவற்றை ஓட்டும் டேப் ரெக்கார்டர்கள் தீர்ந்துபோவதற்கு முன், கணினிக்கு மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், மூத்த நேயர்களைப் பேசவைத்துக் கைப்பேசியிலாவது பதிவு செய்யுங்கள்.

தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அலமாரியும், இங்குள்ள கல்லூரி ஒன்றின் இயற்பியல், வரலாற்றுத் துறை மாணவர்கள் சிலரும் போதும். இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன், அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.